அந்தப் பங்கை வாங்கியவர் எங்கே?

பங்குச்சந்தையை வைத்துக் குற்றக் கதை எழுதிக்கொண்டிருக்கும் உதவி இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும்,



‘ஸ்கேம் 1992’ தொடர் 2020-இல் வந்தது. 2024 தீபாவளிக்கு ‘லக்கி பாஸ்கர்’ தமிழிலும் ஓடியது. அதற்குப் பிறகு உங்களில் பலர் கையில் ஷேர் மார்க்கெட் கதை ஒன்று இருக்கிறது. மகிழ்ச்சி. கொலையையும் கடத்தலையும் போதைப்பொருளையும் தமிழ் சினிமா அலுக்க அலுக்க எழுதிவிட்டது. பணம் எப்படிக் களவு போகிறது என்பதை அபூர்வமாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் நான் கேட்க நேர்ந்த ஒன்லைன்கள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. கஷ்டப்பட்ட குடும்பத்துப் பையன், ஓர் அவமானம், புரோக்கர் ஆபீசில் வேலை, சந்தையின் சூட்சுமம் பிடிபடுவது, இடைவேளையில் கோட்டு சூட்டு, கடைசியில் எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு விமானம் ஏறுவது.

அந்த விமானக் காட்சியை எழுதுவதற்கு முன் ஒரு கேள்விக்கு உங்கள் ஸ்கிரிப்ட்டில் பதில் இருக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். உங்கள் நாயகன் உச்ச விலையில் விற்றபோது, அந்தப் பங்கை வாங்கியவர் யார்?

சந்தையில் ஒவ்வொரு விற்பனைக்கும் எதிரே ஒருவர் வாங்கியாக வேண்டும். யாரோ ஒருவரின் கான்ட்ராக்ட் நோட்டில் அது பதிவாகியிருக்கும். கொலைக் கதையில் முதல் காட்சியிலேயே பிணம் கிடக்கும். யாரும் மறக்க முடியாது. இங்கே அது கண்ணில் படுவதில்லை. அதனால் பார்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, எழுதுகிறவர்களுக்கே மறந்துபோகிறது.

இந்தக் கதைவகைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1922-இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ‘டாக்டர் மபூஸ்’ மௌனப் படத்தின் தொடக்கத்தை மட்டுமாவது தேடிப் பாருங்கள். ஓடும் ரயிலில் ஒரு வர்த்தக ஒப்பந்தம் களவாடப்படுகிறது. பாலத்துக்குக் கீழே போகும் காருக்குள் அது வீசப்படுகிறது. மபூஸ் தன் அறையில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஒப்பந்தம் தொலைந்துபோன செய்தி பங்குச்சந்தைக்கு வந்ததும் பீதி கிளம்புகிறது. எல்லோரும் விற்கிறார்கள், அவன் வாங்கிக் குவிக்கிறான். ஒப்பந்தம் உறை பிரிக்கப்படாமல் கிடைத்துவிட்டது என்று அடுத்த செய்தி வருகிறது. விலை பாய்ந்து ஏறுகிறது, அவன் விற்கிறான். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவன் படிக்கவே இல்லை. மற்றவர்களுக்கு முன்னால் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தேவை.

பேச்சே இல்லாத படம் இது. கடிகாரம், ரயில், தொலைபேசி, தொப்பி அணிந்த கூட்டம், நடுவே மேசைமேல் ஏறி நிற்கும் ஒருவன். இவற்றைக் கொண்டே ஒரு சந்தை மோசடியை முழுதாகப் புரியவைத்துவிட்டார் லாங். ‘பி, சி சென்டருக்குப் புரியாது’ என்று தயாரிப்பாளர் சொல்லும்போது இந்தச் சில நிமிடங்களைப் போட்டுக் காட்டுங்கள். கூட்டத்தின் முகங்களையும் லாங் காட்டுகிறார் என்பதைக் கவனியுங்கள். வில்லன் வாங்கும்போது விற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வெறும் எண்கள் அல்ல.

‘ஸ்கேம் 1992’ எனக்கு மிகவும் பிடித்த தொடர். அதை நான் மதிப்பது பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவாக வரும் பிரதிக் காந்தியின் நடைக்காகவோ, ஊரெல்லாம் ஒலித்த அந்த முகப்பிசைக்காகவோ அல்ல. நம் நாட்டின் மிகச் சிக்கலான நிதி மோசடி ஒன்றைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியதற்காக. ஒரு வங்கிக்குப் பதினைந்து நாளைக்குப் பணம் தேவை. கையிலுள்ள அரசுக் கடன் பத்திரங்களை இன்னொரு வங்கிக்கு விற்று, பிறகு திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்கிறது. ‘ரெடி ஃபார்வர்டு’ என்பது இதன் பெயர். பத்திரம் கைமாறுவதில்லை, பத்திரம் இருக்கிறது என்று சொல்லும் ‘பேங்க் ரெசீப்ட்’ மட்டும் கைமாறும். நடுவில் புரோக்கர். வங்கியின் பெயருக்கு எழுதிய காசோலை புரோக்கரின் கணக்கில் வரவாகும் பழக்கம் மெல்ல நுழைந்தது. பிறகு பேங்க் ஆஃப் காராட், மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கி ஆகிய இரு சிறு வங்கிகளிடமிருந்து, பின்னால் பத்திரமே இல்லாத ரசீதுகள் வரத் தொடங்கின. அப்படி வந்த பணம் தலால் தெருவுக்குள் பாய்ந்து, ஏசிசி சிமென்ட் பங்கை 200 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 9,000 ரூபாய் வரை தூக்கியது.

1992 ஏப்ரல் 23 அன்று ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் சுசேதா தலால் எழுதிய செய்தி, ஸ்டேட் வங்கியின் கணக்கில் இருந்த சுமார் 500 கோடி ரூபாய் ஓட்டையைப் பற்றியது. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் ஆர். ஜானகிராமன் தலைமையிலான குழு தோண்டத் தோண்ட, தொகை 4,000 கோடியைத் தாண்டியது.

இதில் யார் குற்றவாளி என்ற மர்மம் எங்கே இருக்கிறது? பெயர் முதல் வாரத்திலேயே நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. எப்படி என்பதுதான் மர்மம். இத்தனை கையெழுத்துகளைத் தாண்டி, இத்தனை மேலாளர்களைத் தாண்டி, இல்லாத பத்திரத்துக்கு எப்படிப் பணம் போனது? யார் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள்? ஆகவே இந்தக் கதைகளில் துப்பறிவாளர் துப்பாக்கி வைத்திருக்க வேண்டியதில்லை. கணக்கு டேலி ஆகவில்லை என்று இரவு பத்து மணிக்கும் பதிவேட்டை மூடாமல் உட்கார்ந்திருக்கும் வங்கி ஊழியர் போதும். ரசீதின் எண்ணும் பத்திரத்தின் எண்ணும் ஒத்துப்போகாத அந்த நொடியை ஒரு கொலைக்குச் சமமான அதிர்ச்சியோடு எழுத முடியும். எழுத வேண்டும். அந்த ஊழியரை நாயகனாக்கிய தமிழ்ப் படம் இன்னும் வரவில்லை.

நாயகனாகப் புரோக்கரையே வைப்பீர்கள் என்றால், அந்தப் பாத்திரம் உங்கள் கையை விட்டுப் போய்விடும் என்பதற்குச் சாட்சிகள் நிறைய. ஆலிவர் ஸ்டோனின் ‘வால் ஸ்ட்ரீட்’ 1987 டிசம்பரில் வெளியானது. டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்த அக்டோபர் 19-க்கு இரண்டே மாதம் கழித்து. ஸ்டோனின் தந்தை பங்குத் தரகர். படத்தை அவருக்குத்தான் அர்ப்பணித்திருந்தார். உள்ளிருக்கும் தகவலை வைத்துச் சம்பாதிக்கும் கார்டன் கெக்கோவை அவர் வில்லனாகத்தான் எழுதினார். கெக்கோவாக நடித்த மைக்கேல் டக்ளசுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் கெக்கோவைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று சொல்லும் இளைஞர்களை டக்ளஸ் ஆண்டுக்கணக்கில் சந்தித்துக்கொண்டே இருந்தார். 2012-இல் உள்தகவல் வர்த்தகத்துக்கு எதிரான எஃப்.பி.ஐ.யின் விளம்பரப் படத்தில் அவரே தோன்றி, கெக்கோ ஒரு கற்பனைப் பாத்திரம், குற்றமோ நிஜம் என்ற பொருளில் பேச வேண்டியிருந்தது.

பென் யங்கரின் ‘பாய்லர் ரூம்’ (2000) இதைப் படத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. ஒன்றுக்கும் உதவாத பங்குகளைத் தொலைபேசியில் தலையில் கட்டும் இளைஞர்கள், ஒரு மாலை கூடி உட்கார்ந்து ‘வால் ஸ்ட்ரீட்’ பார்க்கிறார்கள். கெக்கோவின் வசனத்தை அட்சரம் பிசகாமல் கூடவே ஒப்பிக்கிறார்கள். அதே படத்தில் போனின் மறுமுனையில் ஹாரி என்று ஒருவர் இருக்கிறார். மனைவி, பிள்ளைகள், வீடு வாங்கச் சேர்த்த பணம். முதலில் கொஞ்சம் வாங்குகிறார், பிறகு மொத்தமும் போடுகிறார், மொத்தமும் போகிறது. சில காட்சிகள்தாம். ஆனால் அவர் வந்த பிறகு விற்பனைக் காட்சிகள் எதையும் பழையபடி ரசிக்க முடிவதில்லை. நான் கேட்பது இந்த ஹாரியைத்தான்.

மார்ட்டின் ஸ்கோர்செசியின் ‘தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ (2013) கலைத்திறனில் இதைவிடப் பல படி மேல். ஆனால் பணம் இழந்தவர்களுக்கு அதில் முகமே கிடையாது. போனில் ஒரு குரல், அவ்வளவுதான். அந்தப் படத்தைத் தயாரித்த ரெட் கிரானைட் நிறுவனத்துக்கு வந்த பணம் மலேசியாவின் 1எம்டிபி அரசு நிதியிலிருந்து களவாடப்பட்டது என்று அமெரிக்க அரசு வழக்குப் போட, நிறுவனம் 2018-இல் 6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த நிதி மலேசிய மக்களின் பெயரில் இருந்த பணம். அவர்களுக்கும் படத்தில் முகம் இல்லை.

‘லக்கி பாஸ்கர்’ விறுவிறுப்பான படம், துல்கர் சல்மான் அருமை. வங்கியின் அன்றாட வேலையை, காசாளரின் அவமானத்தை, அது அழகாகவே காட்டியது. ஆனால் பணம் யாருடையது என்ற கேள்விக்கு அது நேரம் ஒதுக்கவில்லை. நாயகன் தப்பிக்கிறார், அரங்கம் கைதட்டுகிறது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒருவர் ஆப்ஷனில் பணம் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2024 செப்டம்பரில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு உங்கள் கதைக்குப் பின்னணி. 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் (எஃப் அண்ட் ஓ) பிரிவில் வணிகம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். எல்லோரும் சேர்ந்து இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். மூன்றாவது ஆண்டில் வணிகம் செய்தவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்குக் கீழே. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் குறைவு என்று சொன்னவர்கள். உங்கள் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி வரப்போகிறவர்கள் இவர்கள்தாம். எக்ஸ்பைரி அன்று மூன்று மணிக்கு டாய்லெட்டில் நின்றுகொண்டு கைபேசியில் விலை பார்க்கும் பையனுக்கு, இன்னொரு மாண்டாஜ் பாட்டும் இன்னொரு பில்டப் வசனமும் என்ன செய்யும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

குற்றவாளியை மனிதனாகக் காட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவனுடைய முதல் பொய் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. நிக் லீசன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1762-இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் அலுவலகத்தில் 1992-இல் ஒரு புதிய ஊழியர் வாங்க வேண்டியதை விற்றுவிட்டார். நட்டம் 20,000 பவுண்டு. அதை மறைக்க லீசன் பயன்படுத்தியது 88888 என்ற எண்ணுள்ள ஒரு பிழைக் கணக்கு. வணிகம் செய்பவரும் அவரே, அதைச் சரிபார்க்கும் பின்னறைக்குப் பொறுப்பும் அவரே. பிறகு தன் நட்டங்களையும் அதே கணக்கில் புதைத்தார். 1995 ஜனவரி 17 அன்று கோபேயில் பூமி அதிர்ந்தது, ஜப்பானியச் சந்தை சரிந்தது, அடுத்த சில வாரங்களில் பள்ளம் 82 கோடி பவுண்டைத் தாண்டியது. இங்கிலாந்து ராணியின் வங்கி ஒரு பவுண்டுக்கு விலைபோனது. ‘ரோக் டிரேடர்’ (1999) இதைத்தான் எடுத்தது. படம் சுமார்தான். கதையை நம்பாமல் நடிகரை நம்பிவிட்டார்கள். ஐந்து எட்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு உங்களில் ஒருவர் இதைவிட நல்ல படம் எழுதிவிட முடியும்.

பட்ஜெட் இல்லை என்பீர்கள். ஜே.சி. சாண்டரின் ‘மார்ஜின் கால்’ (2011) பாருங்கள். ஒரு முதலீட்டு வங்கி, ஓர் இரவு, ஒரு மாடி. தங்களிடம் இருப்பது குப்பை என்று நள்ளிரவில் தெரிகிறது. விடிவதற்குள் அதை யார் தலையில் கட்டுவது என்று முடிவெடுக்கிறார்கள். காலையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் போட்டு, பழகிய குரலில், விற்கிறார்கள். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, பதினேழு நாளில் எடுத்த முதல் படம். அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. சாண்டரின் தந்தை மெரில் லிஞ்சில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். அந்த மனிதர்களின் பேச்சு அவர் காதில் இருந்தது.

நமக்கும் அப்படிக் காதில் விழக்கூடிய கதைகள் இருக்கின்றன. கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம் நியூயார்க்கில் கேலியன் என்ற பெரும் முதலீட்டு நிதியை நடத்தினார். 2009 அக்டோபரில் கைதானார்; 2011-இல் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 11 ஆண்டுச் சிறைத் தண்டனை. போதைக் கும்பல்களைப் பிடிக்கப் பயன்பட்ட தொலைபேசி ஒட்டுக்கேட்பை வால் ஸ்ட்ரீட்டின்மீது அரசு பெரிய அளவில் திருப்பிய வழக்கு அது. ஆனால் என்னைத் தூங்கவிடாத நிமிடங்கள் வேறு. 2008 செப்டம்பர் 23 மாலை, கோல்ட்மேன் சாக்ஸில் வாரன் பஃபெட் 500 கோடி டாலர் போடப்போகிறார் என்று இயக்குநர் குழு தொலைபேசியில் கூடி ஒப்புதல் தருகிறது. கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் ரஜத் குப்தா, மெக்கின்சியின் முன்னாள் தலைவர். அழைப்பு முடிந்து ஒரு நிமிடத்துக்குள் அவரிடமிருந்து ராஜரத்தினத்துக்கு அழைப்பு போகிறது. சந்தை மூடச் சில நிமிடங்களே இருக்கும்போது கேலியன் கோல்ட்மேன் பங்குகளை வாங்குகிறது. செய்தி சந்தை மூடிய பிறகே வெளியாகிறது.

அந்த அழைப்பில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்தப் பதிவிலும் இல்லை. நேரம் மட்டும் இருக்கிறது. மறுநாள் ராஜரத்தினம் தன் ஊழியரிடம் பேசியது பதிவாகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள மௌனத்தை வைத்து நடுவர் குழு குப்தாவைக் குற்றவாளி என்றது. ராஜரத்தினமோ 2021-இல் புத்தகமே எழுதி, தனக்கு நீதி கிடைக்கவில்லை என்கிறார். இதைவிட நல்ல மர்மக் கதை வேண்டுமா? அன்று மாலை, கடைசி நிமிடத்தில் கேலியனுக்கு கோல்ட்மேன் பங்கை விற்றவர் யாரோ ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயர் எந்தச் செய்தியிலும் வந்ததில்லை. உங்கள் கதை அவரிடமிருந்துகூடத் தொடங்கலாம்.

சென்னைக்கே வருவோம். பங்குத் தரகர் கேதன் பாரேக் குவித்த ‘கே-10’ பங்குகள் என்று 2000-இல் பத்திரிகைகள் எழுதிய பட்டியலில் சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா கிராபிக்ஸ், டிஎஸ்க்யூ சாப்ட்வேர் ஆகியவையும் இருந்தன. பென்டாமீடியா அனிமேஷன் படங்கள் எடுத்த நிறுவனம். அந்த விலைகளை நம்பி ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். 1937-இலிருந்து இயங்கி 2015-இல் மூடப்பட்ட சென்னைப் பங்குச்சந்தையில் கைச்சைகையால் வணிகம் செய்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் சொல்லும் விவரம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

2022 பிப்ரவரியில் செபி வெளியிட்ட ஆணை ஒன்றை உங்களில் எத்தனை பேர் படித்தீர்கள்? தேசியப் பங்குச்சந்தையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், அதன் உள்விவகாரங்களை ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு ஆண்டுக்கணக்கில் அனுப்பிவந்திருக்கிறார். யார் அது என்று கேட்டபோது, இமயமலையில் உலவும் யோகி என்று பதில் வந்தது. ஆண்டுக்கு 15 லட்சத்துக்கும் குறைவாகச் சம்பாதித்த ஒருவர் 1.68 கோடி சம்பளத்தில் அங்கே ஆலோசகராக அமர்ந்ததும் அதே ஆணையில் இருக்கிறது. 2023 மார்ச்சில் ‘சாதனா பிராட்காஸ்ட்’ பங்கு பற்றிய இடைக்கால ஆணை இன்னொன்று. யூடியூபில் பொய்த் தகவல்களோடு வீடியோக்கள் வர, சிறு முதலீட்டாளர்கள் வாங்க ஓடிவர, ஏறிய விலையில் உள்ளே இருந்தவர்கள் விற்று வெளியேறினார்கள் என்பது செபியின் குற்றச்சாட்டு. மபூஸ் செய்த அதே வேலை, ரயிலுக்குப் பதில் யூடியூப்.

இந்த ஆணைகள் எல்லாம் செபியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த நிமிடத்தில் யார் எவ்வளவு வாங்கினார், யாருக்கும் யாருக்கும் ஒரே வீட்டு முகவரி, ஒரே கைபேசி எண், பேஸ்புக் நட்பு என்று அட்டவணை போட்டிருப்பார்கள். பாதித் திரைக்கதை அங்கேயே இருக்கிறது.

எழுதும் முறை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவப்பும் பச்சையுமாக எண்கள் ஓடும் திரை, தலையில் கை வைத்துக்கொள்ளும் ஆட்கள், அலறும் செய்தி வாசிப்பாளர் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அவை எதையும் சொல்வதில்லை. மோசடியைக் கடைசியில் ஒருவர் நின்று பேசி விளக்குவதையும் தவிருங்கள். ‘துணிவு’ (2023) மியூச்சுவல் ஃபண்ட் பெயரில் சாமானியர் ஏமாற்றப்படுவதைத் தொட்டது, அந்தத் துணிச்சல் பாராட்டுக்குரியது; ஆனால் விளக்கம் வரும்போது துப்பாக்கிச் சத்தத்தில் அது கரைந்துபோனது. அதை இயக்கிய எச். வினோத்தே ‘சதுரங்க வேட்டை’யில் (2014) ஒவ்வொரு ஏமாற்றையும் ஏமாறுகிறவரின் ஆசை வழியாகவே நடத்திக் காட்டினார். மண்ணுளிப் பாம்பை வாங்க வருகிற செல்வந்தரின் முகத்தை நாம் மறக்கவில்லை. தமிழில் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

ஆகவே, நண்பர்களே, அடுத்த நரேஷனுக்குப் போவதற்கு முன் உங்கள் ஸ்கிரிப்ட்டை ஒருமுறை திருத்துங்கள். உச்ச விலையில் அந்தப் பங்கை வாங்கியவருக்கு ஒரு பெயர் கொடுங்கள், ஓர் ஊர் கொடுங்கள், ஒரு வேலை கொடுங்கள். அவருக்குக் குறைந்தது ஐந்து காட்சிகள் எழுதுங்கள், அவற்றில் ஒன்று இடைவேளைக்கு முன்னால் வரட்டும். தயாரிப்பாளர் வெட்டச் சொன்னால், பாட்டை வெட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு பார்வையாளன்